பெரிய கோப்பும் சிறிய வாசலும்



கடைக்குப் பெயர்ப்பலகை எப்படி அவசியமோ, அப்படியே இன்று ஓர் இணையத்தளமும் அவசியமாகிவிட்டது. ஆரம்பத்தில் நம்மவர்கள் அதில் கடையின் விலாசம், தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியவற்றை மட்டும் போட்டு வைத்தார்கள். அதற்குப் பெரிய ஞானம் ஒன்றும் தேவைப்படவில்லை. இப்பொழுதோ வாடிக்கையாளரும் நமக்கு ஏதேனும் அனுப்ப விரும்புகிறார். உம்ரா பயணம் ஏற்பாடு செய்பவருக்குப் பாஸ்போர்ட் நகல் வரவேண்டும். பள்ளிச் சீருடை விற்பவருக்கு அளவுப் பட்டியல் வரவேண்டும். அச்சகம் நடத்துபவருக்குக் கல்யாணப் பத்திரிகையின் படம் வரவேண்டும். சங்கங்களுக்கு மாணவர்களின் விண்ணப்பத்தோடு சான்றிதழ்களும் வரவேண்டும். இவையெல்லாம் கோப்புகள். கோப்பு பெரிதானால் தளம் அதை வாங்க மறுக்கிறது. மறுப்பதை வாய்விட்டுச் சொன்னால் பாதகமில்லை. பல வேளைகளில் ஒன்றுமே சொல்லாமல் கைவிட்டுவிடுகிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்பதை இந்தப் பாடத்தில் எழுத உத்தேசிக்கிறேன்.

நான் இதைப் பள்ளியில் படித்தவன் அல்லன். என் கடைத் தளத்தையும், பிறகு ஒரு சங்கத்தின் கல்வி உதவி விண்ணப்பப் படிவத்தையும் கவனிக்க நேர்ந்ததில், தடுக்கி விழுந்து கற்றுக்கொண்டவை இவை. விழுந்ததில் ஒன்று என்னை மட்டும் நோகடிக்கவில்லை. அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் கோப்பின் எடையை அறிந்துகொள்வோம். அரிசியைக் கிலோவில் நிறுப்பதுபோல் கோப்பை மெகாபைட் என்னும் அளவில் நிறுக்கிறார்கள். தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதம் ஒரு மெகாபைட்டில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். ஆனால் கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம் சாதாரணமாக 3 முதல் 5 மெகாபைட் வரை வரும். ஒரு மாணவர் தம்முடைய ஐந்து சான்றிதழ்களைப் படமெடுத்து அனுப்பினால் 20 மெகாபைட் ஆகிவிடும். அவருக்கு அது ஐந்து தாள். நம் தளத்துக்கு அது ஒரு லாரிச் சரக்கு.

இனி அந்தச் சரக்கு உள்ளே வரும் பாதையைக் கவனியுங்கள். பழைய நாளில் நம்மவர்களின் கிட்டங்கிக்குச் சரக்கு வந்து இறங்கிய விதம் பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். தெருவில் ஒரு வளைவு; அதில் நுழையாத லாரி திரும்பிப் போகவேண்டியதுதான். அப்புறம் கிட்டங்கியின் பெரிய கதவு. அதைத் தாண்டி கணக்கப்பிள்ளையின் மேஜை. அதன் பிறகு மூட்டையை இறக்கி வைக்கும் முன்தளம். கடைசியில் அடுக்கும் இடம். வளைவு எவ்வளவு உயரமாயிருந்தாலும், கதவு சிறிதானால் சரக்கு உள்ளே போகாது. கோப்பின் கதையும் இதுவே. நம்மவர்கள் ஒரு வாசலை மட்டும் பெரிதாக்கிவிட்டு, ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று ஹோஸ்டிங் கம்பெனிக்காரரிடம் கோபிக்கிறார்கள். எல்லா வாசல்களிலும் எது மிகச் சிறியதோ அதுவே நம்முடைய உண்மையான அளவு.

தெருவளைவு என்பது, தளத்துக்கு முன்னால் காவலுக்காகவும் வேகத்துக்காகவும் சிலர் வைத்துக்கொள்ளும் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவை. அதன் இலவசத் திட்டத்தில் ஒரு தடவைக்கு 100 மெகாபைட் வரை அனுமதிக்கிறார்கள். நம் தேவைக்கு இது தாராளம். ஆகவே இதை விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கிட்டங்கிக் கதவு என்பது வெப் சர்வர் என்னும் மென்பொருள். பெரும்பாலும் அது அப்பாச்சியாக இருக்கும், அல்லது என்ஜின்எக்ஸாக இருக்கும். என்ஜின்எக்ஸில் ‘கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. யாரும் அதைத் தொடாமல் விட்டால் அதன் அளவு 1 மெகாபைட் மட்டுமே! ஒரு புகைப்படம்கூட நுழையாது. இந்தக் கதவில் முட்டினால் 413 என்ற எண்ணோடு ஒரு வெள்ளைப் பக்கம் வரும். 413 என்று கண்டால் கணக்கப்பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். சரக்கு அவரிடம் போகவேயில்லை, கதவிலேயே நின்றுவிட்டது. அப்பாச்சியில் இதற்கு ‘லிமிட் ரிக்வெஸ்ட் பாடி’ என்று பெயர். அது பொதுவாகத் தொல்லை கொடுப்பதில்லை. 

கணக்கப்பிள்ளைதான் பி.ஹெச்.பி. வேர்ட்பிரஸ் முதலியவற்றால் கட்டிய தளங்கள் எல்லாம் இந்தப் பி.ஹெச்.பி.யின் மேல் நிற்கின்றன. இவர் கையில் மூன்று விதிகள் உண்டு. நம் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. ஆகையால் இவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதல் விதி ‘அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்’. தனி ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது இதன் பொருள். பி.ஹெச்.பி. செய்தவர்கள் வைத்த அளவு 2 மெகாபைட். இரண்டாவது விதி ‘போஸ்ட் மேக்ஸ் சைஸ்’. படிவத்தில் எழுதிய பெயர், விலாசம், இணைத்த கோப்புகள் யாவும் சேர்ந்த மொத்தச் சரக்கின் அளவு இது. செய்தவர்கள் வைத்தது 8 மெகாபைட். மூன்றாவது ‘மெமரி லிமிட்’. கணக்கப்பிள்ளை வேலை செய்யும்போது பரப்பிக்கொள்ளும் மேஜையின் அகலம் என்று இதைச் சொல்லலாம். அதன் அளவு 128 மெகாபைட். ஹோஸ்டிங் கம்பெனிகள் இந்த மூன்றையும் தங்கள் இஷ்டப்படி கூட்டியோ குறைத்தோ வைத்திருக்கும். ஆகவே உங்கள் தளத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. வேர்ட்பிரஸில் படம் ஏற்றும் பக்கத்திற்குப் போனால், அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம் என்று கீழே ஒரு வரி இருக்கும். முதலிரண்டு விதிகளில் எது சிறியதோ அதை அது காட்டுகிறது.

முதல் விதியை மீறினால் பி.ஹெச்.பி. ஒழுங்காகப் புகார் எழுதி வைக்கும். ‘இந்தக் கோப்பு அளவை மீறியது’ என்று தளமும் பயனருக்குச் சொல்ல முடியும். இரண்டாவது விதியை மீறினாலோ விபரீதம் வேறு விதமானது. மொத்தச் சரக்கும் கழித்துக்கட்டப்படுகிறது. கோப்பு மட்டுமல்ல, பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாமே வெறுமையாக வந்து சேரும். படிவம் அதைப் பார்த்துவிட்டு, ‘உங்கள் பெயரை எழுதவில்லையே’ என்று கேட்கும்! எழுதியவர் குழம்பிப்போவார். மறுபடி எழுதுவார், மறுபடி அனுப்புவார், மறுபடியும் அதே கேள்வி வரும். என் கடைத் தளத்தில் ஒரு வாடிக்கையாளர் மூன்று தடவை இப்படி எழுதிப் பார்த்துவிட்டு, ‘உங்கள் தளத்திற்குக் கண் தெரியவில்லை பாய்’ என்று தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆகவே அளவு வைக்கும்போது உள்ளிருந்து வெளியே வரவரப் பெரிதாக்கிக்கொண்டு போகவேண்டும். உதாரணமாக, ஒரு விண்ணப்பத்தில் ஐந்து கோப்புகள், ஒவ்வொன்றும் 10 மெகாபைட் வரை என்று தீர்மானித்தால், முதல் விதி 10. ஐந்தும் சேர்ந்து 50. எழுத்து முதலியவற்றுக்கும் சேர்த்து இரண்டாம் விதியை 55 என வையுங்கள். வெளிக்கதவை 60 என வையுங்கள். மெமரி லிமிட் இரண்டாம் விதியைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும், 256 போதும். மெமரி எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். வேர்ட்பிரஸ் ஒரு புகைப்படத்தை வாங்கியவுடன் அதை விரித்து, சிறிதும் பெரிதுமாகப் பல பிரதிகள் எடுக்கிறது. 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உள்ள படத்தை விரித்தால் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள்; புள்ளிக்கு நான்கு பைட் என்றால் சுமார் 48 மெகாபைட். சுருட்டிய பாய் கையிடுக்கில் அடங்குகிறது, விரித்தால் அறையை அடைத்துக்கொள்கிறது அல்லவா, அதுபோலத்தான்.

எழுதும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். 20 மெகாபைட் என்பதைப் பி.ஹெச்.பி.யில் 20 என்று எழுதி, இடைவெளியின்றி ‘எம்’ என்ற ஓர் எழுத்தை மட்டும் சேர்க்கவேண்டும். நம் வழக்கப்படி ‘எம்.பி.’ என்று இரண்டு எழுத்து போட்டால் அதற்குப் புரியாது; வெறும் 20 பைட் என்று எடுத்துக்கொள்ளும். 20 பைட்டில் என் பெயரே முழுதாக எழுத முடியாது.

இந்த அளவுகளை எங்கே போய் மாற்றுவது? மாத வாடகைக்கு ஹோஸ்டிங் எடுத்திருப்பவர்களில் அநேகருக்குச் சீ-பேனல் என்னும் நிர்வாகப் பக்கம் கொடுத்திருப்பார்கள். அதற்குள் ‘மல்டி பி.ஹெச்.பி. ஐ.என்.ஐ. எடிட்டர்’ என்றிருக்கும். அதைத் திறந்து உங்கள் தளத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன மூன்று விதிகளும் வரிசையாக நிற்கும். எண்ணை மாற்றிச் சேமித்தால் முடிந்தது. அந்தப் பக்கம் இல்லாதவர்கள் ‘டாட் யூசர் டாட் ஐ.என்.ஐ.’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பைத் தளத்தின் அடிக்கோப்புறையில் வைத்து அதில் இவ்விதிகளை எழுதலாம். வைத்தவுடன் பலிக்கவில்லையே என்று பதறவேண்டாம், பி.ஹெச்.பி. அதை 300 வினாடிக்கு ஒரு தடவைதான் திரும்பிப் பார்க்கும். ஐந்து நிமிஷம் பொறுத்திருந்து பாருங்கள். இரண்டுக்கும் வழியில்லையென்றால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். ‘கோப்பு ஏறவில்லை’ என்று எழுதாதீர்கள்; ‘அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ் 10, போஸ்ட் மேக்ஸ் சைஸ் 55, வெளிக்கதவின் அளவு 60’ என்று கணக்காக எழுதுங்கள். கணக்காகக் கேட்பவருக்கு ஒரே கடிதத்தில் வேலை முடிகிறது.

சொந்தமாகச் சர்வர் வைத்திருப்பவர்கள் ‘பி.ஹெச்.பி. டாட் ஐ.என்.ஐ.’ என்ற கோப்பையே திருத்தலாம். ஆனால் அந்தப் பெயரில் ஒரே சர்வரில் இரண்டு மூன்று கோப்புகள் இருப்பதுண்டு. தளத்துக்கு ஒன்று, கட்டளை எழுதும் கருப்புத் திரைக்கு ஒன்று என்று. தவறான ஒன்றைத் திருத்திவிட்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘பி.ஹெச்.பி. இன்ஃபோ’ என்னும் பரிசோதனைப் பக்கத்தைத் திறந்தால், இப்போது நடைமுறையில் இருப்பது எந்தக் கோப்பு என்று அது காட்டும். பார்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடவேண்டும். உள்வீட்டுச் சாவிகள் தொங்கும் ஆணியை வழிப்போக்கருக்குக் காட்டுவது போன்றது அது. திருத்திய பிறகு பி.ஹெச்.பி.யையும் என்ஜின்எக்ஸையும் மீண்டும் தொடங்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

இங்கே இரண்டு தவறான யோசனைகளைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. வேர்ட்பிரஸின் ‘ஃபங்ஷன்ஸ்’ கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், அளவு கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கூடாது. அந்த வரியைப் பி.ஹெச்.பி. படிக்கும் வேளையில் சரக்கு வந்து, நிறுத்து, தள்ளப்பட்டும் ஆகிவிட்டது. அப்புறம் தராசை மாற்றி என்ன பிரயோசனம்? இன்னொன்று, ‘டாட் ஹெச்.டி. ஆக்சஸ்’ என்ற கோப்பில் ‘பி.ஹெச்.பி. வேல்யூ’ என்று எழுதச் சொல்வது. பழைய முறையில், பி.ஹெச்.பி.யானது அப்பாச்சிக்குள்ளேயே ஓடும் இடத்தில் இது செல்லும். மற்ற பல இடங்களில் தளமே நின்றுபோய் 500 என்ற எண்ணைக் காட்டும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்தில் நான் இதைச் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து பார்க்கும்போது கடைத் தளம் இரண்டு மணி நேரமாக மூடிக் கிடந்தது. எந்தத் திருத்தத்தையும் செய்தபின் ஒரு தடவை தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

கணக்கப்பிள்ளையைத் தாண்டியதும் முன்தளம். வந்த கோப்பைப் பி.ஹெச்.பி. முதலில் தற்காலிகமான ஓர் இடத்தில் இறக்கி வைக்கிறது. அங்கிருந்து யாராவது எடுத்து உள்ளே அடுக்காவிட்டால், வேலை முடிந்த கணமே அதை அழித்துவிடும். அடுக்கும் வேலையைச் செய்வது படிவ பிளகின். அதற்கும் ஒரு சொந்த அளவு உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். பலரும் வைத்துக்கொள்ளும் காண்டாக்ட் ஃபார்ம் 7 என்பதில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கோப்புக்கு 1 மெகாபைட்தான். சர்வரில் நூறு மெகாபைட் வைத்திருந்தும் படிவம் மறுக்கிறதென்றால் இங்கே போய்ப் பாருங்கள். கோப்பின் இனத்தையும் அது பார்க்கும். ஐபோன்கள் 2017 முதல் ‘ஹெய்க்’ என்னும் புதிய இனத்தில் படமெடுக்கின்றன. ‘ஜேபெக்’ மட்டும் வாங்குவோம் என்று எழுதிவைத்தால் ஐபோன்காரர் சிலர் வெளியே நிற்க நேரும்.

நான் விழுந்த இடம் இதற்கும் அப்பால் இருந்தது.

சங்கத்தின் கல்வி உதவிப் படிவம் பெரிய கோப்புகளை மறுக்கிறது என்று புகார் வந்தபோது, அளவுகளை எல்லாம் நான்தான் கூட்டினேன். கோப்புக்கு 20 மெகாபைட் என்று வைத்து, என் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு படம் அனுப்பியும் பார்த்தேன். வந்துவிட்டது. காரியதரிசி ஹாஜியாருக்குச் சந்தோஷம். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன். விண்ணப்பத் தேதி முடிந்தது. கமிட்டி கூடியது, பெயர்கள் தீர்மானமாயின, பணமும் கொடுத்தாகிவிட்டது.

அதன்பின் ஒரு நாள் அஸருக்கு முன்பு, கடைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் அத்தா நம்மைப் போல் கடை வைத்திருந்தவர். மௌத்தாகி இரண்டு வருஷமாகிறது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. உதவிக்கு விண்ணப்பம் போட்டும் பதிலே இல்லை என்றார்கள். நான் பட்டியலைப் பார்த்தேன். அவள் பெயரில் விண்ணப்பமே வந்திருக்கவில்லை. ‘நீ அனுப்பவில்லையே அம்மா’ என்றேன்.

அவள் கைத்தொலைபேசியை நீட்டினாள். ‘நான் அனுப்பினேன் மாமா. உங்கள் தளம் நன்றி சொன்னது’ என்றாள். அந்தத் திரையின் படத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். நாள், நேரம் எல்லாம் அதில் இருந்தன. கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே அனுப்பியிருந்தாள்.

அன்றிரவு உட்கார்ந்து தேடியதில் விஷயம் விளங்கியது. அந்தப் படிவம் கோப்பைச் சர்வரில் வைப்பதில்லை. மின்னஞ்சலில் இணைத்துச் சங்கத்தின் பெட்டிக்கு அனுப்பிவிட்டு, தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிடும். சங்கத்தின் பெட்டிக்கு 25 மெகாபைட்டுக்கு மேல் வாங்கும் சக்தியில்லை. ‘20தானே வைத்தோம், 25க்குள் அடங்குமே’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மின்னஞ்சலில் ஒரு வழக்கம் உண்டு. இணைத்த கோப்பை அது எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பும். அப்படி மாற்றும்போது மூன்று பைட் நான்காகிறது. அதாவது எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. சரக்கை நாம் நிறுத்தது சாக்கு இல்லாமல். அது பயணம் போவதோ சாக்கோடு. அந்தப் பெண் எல்லாச் சான்றிதழையும் ஒரே பி.டி.எஃப். ஆக ஒழுங்காகச் சேர்த்திருந்தாள். 19 மெகாபைட். அது அஞ்சலில் 25ஐத் தாண்டிவிட்டது, பெட்டி திருப்பிவிட்டது. திரும்பிய கடிதம் வேர்ட்பிரஸ் தானாக வைத்துக்கொண்ட ஓர் அனுப்புநர் விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெட்டியை ஒருவரும் திறந்ததே கிடையாது. படிவமோ, அஞ்சலைச் சர்வரின் தபால்காரனிடம் கொடுத்த மாத்திரத்திலேயே நன்றி சொல்லி முடித்துவிட்டது.

அதற்கு முன் நான் சோதித்துப் பார்த்த படம் 4 மெகாபைட். அதனால்தான் வந்தது.

திறக்காத அந்தப் பெட்டியில் ஒன்பது கடிதங்கள் திரும்பிக் கிடந்தன. ஒன்பது மாணவர்கள். முன்னெல்லாம், நான் அளவைக் கூட்டுவதற்கு முன்பு, தளம் அவர்களை முகத்துக்கு நேரே மறுத்திருக்கும். அவர்களும் தொலைபேசியில் கேட்டிருப்பார்கள், அல்லது தாளாகக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். நான் செய்த திருத்தம் அந்த மறுப்பை நன்றியாக மாற்றிவிட்டது. மறுநாள் ஹாஜியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ‘ஒன்பது பேருக்கும் இப்போதே போன் பண்ணு தம்பி’ என்று மட்டும் சொல்லிவிட்டு, கமிட்டியை மீண்டும் கூட்ட ஏற்பாடு செய்தார். அந்தப் பெண்ணையும் சேர்த்து எட்டுப் பேருடைய மனுக்கள் மீண்டும் பார்க்கப்பட்டன. ஒன்பதாவது பையனைத் தொலைபேசியில் பிடித்தபோது, அவன் கல்லூரிக்கு வரவில்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ‘பரவாயில்லை மாமா, அடுத்த வருஷம் பார்க்கிறேன்’ என்றான். அடுத்த வருஷம் அவன் விண்ணப்பம் போடவில்லை. 

இப்பொழுது அந்தப் படிவத்தை வேறு விதமாக அமைத்திருக்கிறோம். வரும் கோப்பு சர்வரிலேயே ஒரு கோப்புறையில் தங்குகிறது. மின்னஞ்சலில் ‘இன்னார் விண்ணப்பம் வந்தது’ என்ற செய்தியும் ஒரு எண்ணும் மட்டுமே போகின்றன, கோப்பு போவதில்லை. விண்ணப்பித்தவருக்கும் அதே எண் காட்டப்படுகிறது. கோப்பு உரிய இடத்தில் அடுக்கப்பட்ட பிறகுதான் அந்த எண் பிறக்கும்படி செய்திருக்கிறோம். கிட்டங்கியிலும் மூட்டை உள்ளே போன பிறகுதானே ரசீது எழுதுவோம்? மனுக்காலம் நடக்கும்வரை தினமும் இஷாவுக்குப் பின் நான் அஞ்சல்களையும் கோப்புறையில் உள்ளவற்றையும் எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாயிருந்தால் கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடு. அனுப்புநர் விலாசத்தையும் நாங்கள் அன்றாடம் பார்க்கும் பெட்டிக்கே மாற்றிவிட்டோம்.

கோப்பைச் சர்வரில் வைக்கத் தொடங்கினால் வேறொரு பொறுப்பு வந்து சேருகிறது. அந்தக் கோப்புறை, உலகத்தார் எவரும் விலாசத்தைத் தட்டினால் திறக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் பக்கம், குடும்ப வருமானம் எல்லாம் அமானத்தாக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. ‘பப்ளிக் ஹெச்.டி.எம்.எல்.’ என்ற கோப்புறைக்கு வெளியே அவற்றை வைக்கச் சொல்லுங்கள். வியாபாரத்தில் வாங்கும் இத்தகைய விவரங்களைக் காக்கும் கடமையை மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் சட்டமும் நம் தலையில் வைத்திருக்கின்றன. காரியம் முடிந்த கோப்புகளை அழித்துவிடுவதே நலம். வைத்திருக்க வைத்திருக்க இடமும் போகிறது. 200 பேர் ஆளுக்கு 15 மெகாபைட் அனுப்பினால் 3000 மெகாபைட். சிறிய ஹோஸ்டிங் திட்டங்களில் இது கணிசமான இடம்.

அதோடு வாங்கும் கோப்பின் இனத்தைக் கட்டாயம் கட்டுப்படுத்துங்கள். படம், பி.டி.எஃப். இவை போதும். ‘பி.ஹெச்.பி.’ என்று முடியும் கோப்பை எவனாவது ஏற்றி, அது திறந்த கோப்புறையில் போய் உட்கார்ந்தால், உங்கள் தளம் அன்றே அவன் தளம். அளவை ‘எல்லையே இல்லை’ என்று வைப்பதும் இதைப் போன்றதே. என்ஜின்எக்ஸில் அளவுக்குப் பூஜ்யம் என்று எழுதினால் சோதனையே இராது; ஒரு விஷமக்காரன் ஒரே இரவில் உங்கள் இடம் முழுவதையும் நிரப்பிவிட்டுப் போகலாம். தேவை எவ்வளவோ அதற்குச் சற்று மேல், அவ்வளவே போதும்.

நேரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வீட்டு இணைப்பில் இறங்கும் வேகம் அதிகமாகவும், ஏறும் வேகம் குறைவாகவும் இருப்பது உண்டு. வினாடிக்கு 2 மெகாபிட் ஏறும் இணைப்பில் 20 மெகாபைட் அனுப்ப 80 வினாடி ஆகும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் இந்தக் கணக்கு. அதுவரை பயனருக்கு ஏதாவது அசைவு தெரியவேண்டும். இல்லாவிட்டால் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவார். ஏற்றம் எவ்வளவு ஆயிற்று என்று காட்டும் கோடு பல பிளகின்களில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். பி.ஹெச்.பி.யில் ‘மேக்ஸ் இன்புட் டைம்’ என்ற விதி 60 வினாடியில் இருக்குமானால் 300 ஆக்குவது நல்லது.

வீடியோ போன்ற நூற்றுக்கணக்கான மெகாபைட் உள்ள சரக்கை இந்த வழியில் வாங்க முயலவே வேண்டாம். துண்டு துண்டாக உடைத்து ஏற்றும் பிளகின்கள் இருக்கின்றன. நடுவில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடியவையும் அவற்றில் உண்டு. இல்லையெனில் அனுப்புகிறவர் தம் கூகுள் டிரைவில் வைத்துவிட்டு அதன் இணைப்பை மட்டும் படிவத்தில் எழுதட்டும். கூகுள் ஃபார்ம்ஸிலேயே வாங்கிவிடலாமே என்று சில சகோதரர்கள் கேட்டார்கள். வாங்கலாம். ஆனால் கோப்பு இணைக்கவேண்டுமானால் அனுப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்கவேண்டும். வயதான வாடிக்கையாளர் பலருக்குத் தங்கள் கணக்கின் ரகசியச் சொல் ஞாபகமிராது. மேலும் வரும் கோப்புகள் நம்முடைய டிரைவில்தான் சேரும். இலவசக் கணக்கில் மின்னஞ்சலுக்கும் சேர்த்து மொத்தம் 15 கிகாபைட்தான் இடம்.

கடைசியாகச் சோதிக்கும் முறை. சிறிய படம் ஒன்றை அனுப்பிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அதன் பலனை மேலே படித்தீர்கள். நீங்கள் வைத்த அளவு 10 மெகாபைட் என்றால், 9 மெகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள். ஐந்து கோப்பு வாங்குவதாயிருந்தால் அப்படிப்பட்ட ஐந்தையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். கடையின் வைஃபையிலிருந்து அல்ல, வெளியே நின்று கைத்தொலைபேசி இணைப்பில் அனுப்புங்கள். பிறகு நன்றிப் பக்கத்தைப் பார்த்து எழுந்துவிடாமல், கோப்பு போய்ச் சேரவேண்டிய கோப்புறையைத் திறந்து, ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பின் 11 மெகாபைட் கோப்பு ஒன்றை வேண்டுமென்றே அனுப்பி, தளம் அதைத் தெளிவான வார்த்தையில் மறுக்கிறதா என்றும் பாருங்கள். தமிழிலும் மலாயிலும் அந்த மறுப்பை நாமே எழுதி வைக்கலாம். ‘கோப்பு பெரிதாயிருக்கிறது, 10 மெகாபைட்டுக்குள் அனுப்புங்கள், முடியாவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள்’ என்று எங்கள் படிவத்தில் இப்போது இருக்கிறது. அதன் கீழே தொலைபேசி எண்ணும் உண்டு. போன மனுக்காலத்தில் நான்கு பேர் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் தாள்களோடு நேரிலேயே வந்தார்கள்.